தோரண வாசலைத் தாண்டி

ரப்பர் விவசாயத்தில் 'பி.பி. 86' என்றொரு ரகம் உண்டு. கேரளத்திலும் கன்னியாகுமரியிலும் ஒரு காலத்தில் மலை மலையாக நட்டார்கள். அந்த 'பி.பி.' நம்ம ஊர்தான். மலேசியாவில் டெங்கிலுக்குப் பக்கத்தில் இருந்த பிராங் பெசார் தோட்டத்தின் சுருக்கம் அது. முதல் உலகப் போர் முடிந்து வந்த பிரிட்டிஷ் இராணுவ அதிகாரிகள் சிலர் 1921-இல் தொடங்கிய தோட்டம். நல்ல மரத்தைத் தேர்ந்தெடுத்து ஒட்டுக்கட்டும் ஆராய்ச்சியில் உலகமெங்கும் பெயர் வாங்கியது. அந்த மரத்தைச் சீவி, மங்கு துடைத்து, லயத்து வீட்டில் பிள்ளை பெற்று, ஆடித் திருவிழாவுக்குக் கரகம் எடுத்தவர்கள் தமிழர்கள்.

இன்றைக்கு அந்த இடத்தின் பெயர் புத்ராஜெயா. ஏரி, விதவிதமான பாலங்கள், பச்சைக் குவிமாடத்தோடு பிரதமர் அலுவலகம், கரையில் இளஞ்சிவப்புப் பள்ளிவாசல் என்று வெளிநாட்டுப் பயணிகள் பேருந்து பேருந்தாக வந்து இறங்குகிறார்கள். தொண்ணூறுகளில் நகரம் எழுந்தபோது பிராங் பெசார், கேலவே, மெடிங்லி, செட்ஜ்லி ஆகிய நான்கு தோட்டத்து மக்கள் டெங்கிலின் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு இடம் மாறினார்கள். சுவர் விரிசல் விட்ட அந்த வீடுகளில் இருந்துகொண்டு தரை வீடு கேட்டு அவர்கள் நடத்திய போராட்டம் தமிழ்ப் பத்திரிகைகளில் ஆண்டுக்கணக்காக வந்த செய்தி. அதைப் பற்றி எழுத வேண்டியது நிறைய இருக்கிறது. இந்தக் கட்டுரை வேறொன்றைப் பற்றியது: இந்த மக்களும், இவர்களைப் போலக் கிள்ளான் பள்ளத்தாக்கின் ஓரங்களில் குடியேறிய மற்றவர்களும், ஒரு சனிக்கிழமை காலையில் எங்கே போகிறார்கள்?

பெரும்பாலும் பேரங்காடிக்கு. பக்கத்தில் ஐஓஐ சிட்டி மால் இருக்கிறது, நாட்டிலேயே மிகப் பெரியது. குளிரூட்டியில் நடக்கலாம், பிள்ளைகளுக்குக் கோழி வாங்கிக் கொடுக்கலாம், தமிழ்ப் படம் பார்க்கலாம். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 'நமக்குப் பார்க்க என்ன இருக்கு, பத்துமலைய விட்டா?' என்று இதே மக்கள் கேட்கும்போதுதான் பதில் சொல்லத் தோன்றுகிறது. இருக்கிறது. புத்ராஜெயாவில் விரைவு ரயில் ஏறினால் சுமார் 20 நிமிடத்தில் கேஎல் சென்ட்ரல். அந்த டிக்கெட் விலை கூடுதல் என்று நினைத்தால் 2023 மார்ச்சில் முழுப் பாதையும் திறந்த எம்ஆர்டி இருக்கிறது. துன் ரசாக் எக்ஸ்சேஞ்சில் மாறி மியூசியம் நெகாராவில் இறங்கி நடந்தால் அதே கேஎல் சென்ட்ரல்தான். நேரம் கொஞ்சம் பிடிக்கும், காசு மிச்சம்.

போகிற இடத்தில் எதைப் பார்ப்பது என்பதற்கு என் அளவுகோல் ஒன்றுதான். அரசாங்கம் வளைவு கட்டி ரிப்பன் வெட்டிய இடத்தை முதலில் பார்க்காதீர்கள். நம் மக்கள் கைக்காசு போட்டுக் கட்டியதை முதலில் பாருங்கள். இந்த வரிசையில் போனால் கேஎல் சென்ட்ரலை ஒட்டிய பிரிக்பீல்ட்ஸே வேறு ஊராகத் தெரியும்.

சூளை எரிந்த இடம்

பிரிக்பீல்ட்ஸில் இரண்டு திறப்பு விழாக்கள் நடந்தன. 2010 அக்டோபர் 27-இல் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் வந்து 'லிட்டில் இந்தியா'வைத் திறந்து வைத்தார். 2015 நவம்பர் 23-இல் நரேந்திர மோடி வந்து தோரண வாசலைத் திறந்தார். அது இந்திய அரசின் அன்பளிப்பு, சாஞ்சி தூபியின் வாசலைப் பார்த்துச் செய்தது. அழகான வேலைப்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் யாழ்ப்பாணத்திலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்தவர்கள் வாழ்ந்த தெருவுக்கு மத்தியப் பிரதேசத்துப் பௌத்த வாசல் எதற்கு என்று கேட்டால், படம் எடுத்துக்கொள்ள நன்றாக இருக்கிறது என்பதுதான் கிடைக்கக்கூடிய பதில். ஊதா வளைவுகள், யானை நீரூற்று எல்லாம் அதே கணக்கு. ஐந்து நிமிடம் கொடுங்கள், போதும்.

ஊரின் கதை அதற்கு நூறு வருடம் முந்தையது. 1881-இல் கோலாலம்பூரை முதலில் தீ தின்றது, பிறகு வெள்ளம் கொண்டுபோனது. அத்தாப்புக் கூரையும் மரச் சுவருமாக இருந்த ஊரைச் செங்கல்லும் ஓடும் போட்டுக் கட்ட வேண்டும் என்று பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஃபிராங்க் சுவெட்டன்ஹாம் உத்தரவு போட, சூளைகள் இங்கேதான் எரிந்தன. சீன கப்பித்தான் யாப் குவான் செங்குக்கும் இங்கே சூளை இருந்தது. அடுத்து ரயில் வந்தது. தண்டவாளம் போடவும் இன்ஜினுக்குக் கரி தள்ளவும் தமிழ்நாட்டுக்காரர்கள், ஸ்டேஷன் மாஸ்டர் மேசைக்கும் கணக்குப் புத்தகத்துக்கும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். ஆங்கிலம் படித்தவருக்கு ஒரு வேலை, படிக்காதவருக்கு ஒரு வேலை. இரண்டு கூட்டமும் ஒரே பேட்டையில், ஆனால் ஒரே வரிசையில் இல்லை. ரயில்வே ஊழியர்களுக்குக் கட்டிய 'நூறு குவார்ட்டர்ஸ்' வீடுகள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தன. அங்கே இப்போது போனால் அந்த வரிசை வீடுகளைப் பார்க்க முடியாது.

பார்க்க முடிவதில் முதலாவது விவேகானந்த ஆசிரமம். துன் சம்பந்தன் சாலையில், மாலைக் கடைகளின் இரைச்சலுக்கு நடுவே, வெள்ளைக் கட்டடமும் முன்னால் சுவாமியின் சிலையும். 1904-இல் தொடங்கியது. சம்பளத்தில் மிச்சம் பிடித்து இலங்கைத் தமிழர்கள் உருவாக்கியது. பக்கத்திலேயே அதே பெயரில் தமிழ்ப்பள்ளி. 2014-இல் அந்த நிலத்தில் உயரமான அடுக்ககம் எழுப்பத் திட்டம் வந்தபோது, ஆசிரமத்துக்குள் கால் வைத்தே பல வருடம் ஆன பேர்வழிகள் எல்லாம் கையெழுத்துப் போட்டார்கள், தெருவுக்கு வந்தார்கள். 2016-இல் ஆசிரமம் மரபுடைமைச் சின்னமாக அரசிதழில் ஏறியது. இன்றைக்கு அதன் வாசலில் நிற்கும்போது கவனியுங்கள்: தோரண வாசலின் முன் செல்ஃபி எடுப்பவர்களில் பத்தில் ஒருவர்கூட இந்தப் பக்கம் திரும்புவதில்லை. பாதுகாக்கத் தெரிந்த நமக்குப் பார்க்கத் தெரியவில்லை.

அடுத்து ஸ்காட் சாலையில் கந்தசுவாமி கோயில். நல்லூர் கந்தனை மனதில் வைத்து யாழ்ப்பாணத்தார் எழுப்பியது. தைப்பூசக் கூட்டத்தையும் உறுமி மேளத்தையும் பார்த்துப் பழகிய தோட்டத்துக்காரருக்கு இங்கே உள்ள அமைதியும் ஒழுங்கும் கொஞ்சம் அந்நியமாகக்கூட இருக்கும். நேரம் தவறாத பூசை, சட்டையைக் கழற்றிய ஆண்கள், முணுமுணுப்பாகத் தேவாரம். அதே சாலையில் வெய்-லிங் கேலரி என்ற கலைக்கூடம் இருக்கிறது. மலேசிய ஓவியர்களின் புதிய வேலைகளைக் காசில்லாமல் பார்க்கலாம். கதவைத் தள்ளிக்கொண்டு போகத் தயங்க வேண்டாம், வாங்கினால்தான் உள்ளே விடுவார்கள் என்று யாரும் சட்டம் போடவில்லை.

கொஞ்சம் நடந்தால் பௌத்த மகா விகாரை, 1894-இல் உருவான சிங்கள பௌத்தர்களின் சங்கம் நடத்துவது. அதையும் தாண்டி தேவாலயங்கள். வழியில் நடைபாதையின் நடுவே மஞ்சள் நிறத்தில் மேடு தட்டிய ஓடுகளைப் பார்ப்பீர்கள். 1951-இல் தோன்றிய பார்வையற்றோர் சங்கம் இந்தப் பேட்டையில் இருப்பதால், வெள்ளைக் கோலோடு நடப்பவர்களுக்காகப் போட்டது. அந்த ஓட்டின் மேல் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வடை வாங்கப் போகும் ஆசாமிகளும் நம்மவர்கள்தான்.

இலையை உன் பக்கம் மடி

பசி வந்திருக்கும். பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சோறு எங்கே நல்லது என்ற சண்டை இன்றுவரை தீராதது. ஸ்காட் சாலை விஷாலில்தான் என்பவர்கள் ஒரு கட்சி. பங்சார் வரை போய் நிர்வாணாவில் வரிசையில் நிற்பவர்கள் இன்னொரு கட்சி. நான் எந்தக் கட்சியிலும் இல்லை. பகல் பன்னிரண்டரை மணிக்குச் சோறு சூடாக வரும் கடையாக இருந்தால் போதும்.

தமிழ்நாட்டிலிருந்து வரும் விருந்தாளிகளைக் கூட்டிப்போனால் அவர்கள் முதலில் திகைப்பது இங்கேதான். சாப்பாடு தெரிந்ததுபோல இருக்கிறது, ஆனால் அவர்கள் வீட்டுச் சாப்பாடு இல்லை. சோறு, இரண்டு மூன்று காய், அப்பளம், மோர் மிளகாய், ரசம். இதுவரை சரி. அதோடு கோழிப் பெரட்டல், ஆட்டு வறுவல், கணவாய், மீன்தலைக் கறி. அந்தக் கறியில் தேங்காய்ப்பாலும் புளியும் மலாய்க்காரர் கைப்பக்குவமும் எங்கோ ஒன்றாகக் கலந்திருக்கும். பொரித்த பாகற்காய்க்கு மொறுமொறுப்பு நம் ஊரில்தான். சாப்பிட்டு முடித்தால் இலையை உங்கள் பக்கமாக மடிக்க வேண்டும். எதிர்ப்பக்கம் மடித்தால் துக்க வீட்டு மடிப்பு. பரிமாறும் அண்ணன் பங்களாதேஷ்காரராகவோ நேப்பாளியாகவோ இருப்பார், ஆனால் 'இன்னும் ரசம்?' என்று தமிழில் கேட்பார். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நூறு வருடத்துக்கு முன்னால் கப்பலில் வந்து அடுத்தவன் மொழியைக் கற்றுக்கொண்டு பிழைத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இது விளங்க வேண்டும்.

காலைச் சாப்பாட்டுக்கும் ஒரு கௌரவம் வந்திருக்கிறது. 2024 டிசம்பரில் மலேசியர்களின் காலையுணவுப் பண்பாட்டை யுனெஸ்கோ மானுடத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரேக் ஆகிய மூன்றையும் பெயர் சொல்லிச் சேர்த்தார்கள். மூன்றில் இரண்டு தமிழ் முஸ்லிம் கடைகளின் கைவண்ணம். மாவை வீசி விசிறும் அந்தக் கையையும், ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்குத் தேநீரை இழுக்கும் அந்தக் கையையும் பார்க்க டிக்கெட் கிடையாது. டெங்கில் பட்டணத்து மாமாக் கடையிலேயே பார்க்கலாம். புட்டுமாயம் என்று நாம் சொல்லும் இடியப்பத்தை வெல்லமும் தேங்காய்த் துருவலும் வைத்து மோட்டார் சைக்கிளில் கொண்டுவரும் மாமாக்கள் குறைந்துவிட்டார்கள். உங்கள் தாமானுக்கு இன்னும் வருகிறார் என்றால் அவரிடம் வாங்குங்கள். கடையில் தாப்பாவ் வாங்குவதைவிட அது மேல்.

பத்து வெள்ளி கட்டிய அரங்கம்

கோலாலம்பூரில் தமிழர்கள் பார்க்க வேண்டிய கட்டடம் ஒன்றே ஒன்றைச் சொல் என்றால், இரட்டைக் கோபுரத்தைச் சொல்ல மாட்டேன். ஜாலான் சுலைமானில் இருக்கும் விஸ்மா துன் சம்பந்தனைச் சொல்வேன். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண அலுவலகக் கட்டடம். எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் படம் வராது.

ஐம்பதுகளின் கடைசியில் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் நிலத்தைத் துண்டு போட்டு விற்றுவிட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். துண்டு வாங்கியவர்கள் பழைய தொழிலாளர்களை வைத்துக்கொள்ளவில்லை. லயத்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் தெருவுக்கு வந்தார்கள். அப்போது ம.இ.கா. தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், ஆளுக்குப் பத்து வெள்ளி தவணை கட்டிப் பங்கு வாங்குங்கள், நாமே தோட்டத்தை வாங்குவோம் என்றார். 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. பால்மரம் சீவியவர்களே தோட்டங்களுக்குப் பங்குதாரர் ஆனார்கள். அந்தச் சங்கத்தின் தலைமையகம்தான் இந்தக் கட்டடம். அதற்குள் தான்ஸ்ரீ சோமா அரங்கம் இருக்கிறது. நூல் வெளியீடு, நாடகம், இலக்கியக் கூட்டம், இசை, நடனம் என்று தமிழர் நிகழ்ச்சி எதுவானாலும் கோலாலம்பூரில் முதலில் நினைவுக்கு வரும் மேடை இது.

பத்து வெள்ளி அன்றைக்குச் சின்னப் பணம் இல்லை. நாள் கூலி சில வெள்ளிகளாக இருந்த காலம். அந்தப் பணத்திலிருந்து வளர்ந்த சங்கத்தின் அரங்கில், உள்ளூர் நாடகம் ஒன்றுக்குப் பாதி நாற்காலி காலியாகக் கிடப்பதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. கோடம்பாக்கத்துப் பாடகர் புக்கிட் ஜாலிலுக்கு வந்தால் நூற்றுக்கணக்கான வெள்ளி கொடுத்து டிக்கெட் எடுக்கிறோம். தப்பில்லை, எடுங்கள். ஆனால் இதே ஊரில் வேலை முடிந்து வந்து இரவு ஒத்திகை பார்க்கும் நடிகனுக்குப் பார்வையாளராக இருக்க நமக்கு நேரமில்லை என்றால், பிறகு 'மலேசியத் தமிழனுக்குக் கலை இல்லை' என்று பேசும் உரிமையும் இல்லை. சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' 2015-இல் திரைக்கு வந்தது. தோட்டத்திலிருந்து பிடுங்கி நடப்பட்ட தமிழ்க் குடும்பத்தின் கதை. மறு வருடம் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்ற விருது வாங்கியது. திரையரங்கில் போய்ப் பார்த்தோம் என்று சொல்பவர்கள் தாமான் பெர்மாத்தாவில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அவர்களின் கதையேதான் அது.

நடனத்துக்கு இரண்டு வாசல். ஒன்று பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் பெர்ஹாலாவில் இருக்கும் நுண்கலைக் கோயில், அதாவது டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ். சுவாமி சாந்தானந்த சரஸ்வதியின் ஆசியில் 1981-இல் கோலாலம்பூரில் தொடங்கியது. கோபால் ஷெட்டியும் சிவதாஸும் தங்கள் நடனப் பள்ளியை அதோடு இணைத்தார்கள். சனிக்கிழமை அந்தக் கட்டடத்துக்குள் போனால் ஒரு மாடியில் சலங்கை, இன்னொரு மாடியில் வீணை, கீழே அன்னலட்சுமி உணவகத்தின் சைவச் சாப்பாட்டு வாசனை. பிள்ளையைச் சேர்க்காவிட்டாலும் பரவாயில்லை, நிகழ்ச்சி நாளில் வந்து உட்காரலாம்.

இன்னொன்று தீத்திவங்சாவில் இருக்கும் சூத்ரா. அதை 1983-இல் தொடங்கியவர் ரம்லி இப்ராஹிம். இயந்திரப் பொறியியல் படித்த மலாய் முஸ்லிம், ஆஸ்திரேலியாவில் பாலே ஆடியவர், பிறகு தேவபிரசாத் தாஸிடம் ஒடிசியும் அடையாறு லட்சுமணனிடம் பரதமும் கற்றவர். இந்திய அரசு 2018-இல் பத்மஸ்ரீ கொடுத்தது. அவரிடம் பயின்ற தமிழ்ப் பிள்ளைகள் புவனேஸ்வரம் மேடையில் ஒடிசி ஆடி அந்த ஊர் ரசிகர்களிடம் கைதட்டு வாங்கியிருக்கிறார்கள். சூத்ராவின் திறந்தவெளி மேடையில் மழை வருமோ என்று வானத்தைப் பார்த்துக்கொண்டே ஒடிசி பார்ப்பது கிள்ளான் பள்ளத்தாக்கில் கிடைக்கும் நல்ல மாலைப் பொழுதுகளில் ஒன்று.

தீத்திவங்சா போனால் பக்கத்திலேயே தேசியக் கலைக்கூடம். 1958-இல் தோன்றியது, அனுமதி இலவசம். சையத் தாஜுதீன் என்ற பெயரைத் தேடுங்கள். 1943-இல் ராமநாதபுரம் மாவட்டம் அழகன்குளத்தில் பிறந்து, சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர். ராமாயணத்தையும் மலாக்கா வரலாற்றையும் வரைந்தவர். அவருடைய பெண்களின் நீண்ட கண்களில் தென்னிந்தியச் சுவரோவியத்தின் சாயல் தெரியும். ஜே. அனு, நிர்மலா சண்முகலிங்கம் ஆகியோரும் தேட வேண்டிய பெயர்கள். நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளிப் பாடத்தில் பிகாசோ தெரியும், இவர்களைத் தெரியாது.

கிள்ளானுக்கு வேறு வழி

ஞாயிற்றுக்கிழமை கிள்ளான். டெங்கிலிலிருந்து எஸ்கேவிஇ நெடுஞ்சாலை பிடித்து மேற்கே போனால் பந்திங், தெலுக் பங்ளிமா காராங் பக்கம் கொண்டுபோய்விடும். போகிற வழியில் கேரித் தீவு. இங்கேதான் மா மெரி பூர்வக்குடிகள் இருக்கிறார்கள். நீரே பத்து என்னும் கடினமான சதுப்புநில மரத்தில் அவர்கள் செதுக்கும் மூதாதை உருவங்களும் முகமூடிகளும் உலக அளவில் பேர் பெற்றவை. சங்கிலி கட்டிய புலி ஆவியைச் செதுக்கிய சிற்பத்துக்கு யுனெஸ்கோவின் தர முத்திரை கிடைத்தது. தீவில் நிறையத் தமிழர்களும் செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்து வாழ்ந்தார்கள். ஒரே தீவில் தலைமுறைகளாக இருந்தும் நம்மவர்களில் பெரும்பாலோர் அந்தப் பண்பாட்டுக் கிராமத்துக்குள் போனதில்லை. டெங்கிலிலேயே தெமுவான் பூர்வக்குடி கிராமங்கள் இருப்பதும் பலருக்குப் பள்ளிக்கூட முகவரி அளவுக்குத்தான் தெரியும். வளைவு கட்டாத இடங்களைப் பார்க்கச் சொல்கிறேன் என்றால் நம்முடையதை மட்டும் சொன்னால் எப்படி?

கிள்ளான் தெங்கு கிளானா சாலை தீபாவளி நேரத்தில் ஒரு நெரிசல், மற்ற நாளில் ஒரு சுகம். தீபாவளிக்குப் போகாதீர்கள், மற்ற நாளில் போங்கள். பாத்திரக் கடை, பூக்கடை, முறுக்கு சுடும் சட்டி, பாட்டுக் கடையிலிருந்து உறுமி. பிரிக்பீல்ட்ஸைவிட இங்கே வெளிச்சப் பூச்சு குறைவு, வியாபாரம் கூடுதல். நகரத்துத் தண்டாயுதபாணியைக் கும்பிட்டு, சுந்தரராஜப் பெருமாள் கோயிலுக்கும் போய் வாருங்கள். காப்பிக்கு ரயில் நிலையத்துப் பக்கம் சோங் கொக். 1940-இலிருந்து நடக்கும் சீனர் கடை. சுட்ட ரொட்டியில் காயா தடவித் தருவார்கள். பன்றி சாப்பிடுபவர்கள் பாக் குத் தே தேடிப் போகலாம். இந்த ஊர்த் துறைமுகத் தொழிலாளர்களோடு சேர்த்துக் கதை சொல்லப்படும் அந்தக் குழம்பை 2024-இல் நாட்டின் மரபுணவாக அறிவித்தார்கள்.

1857-இல் கட்டிய ராஜா அப்துல்லாவின் ஈயக் கிடங்கு இன்னும் நிற்கிறது. 1909-இல் கட்டடக் கலைஞர் ஹப்பாக் வரைந்த அலுவலகக் கட்டடம் இன்றைக்குச் சுல்தானின் அரச காட்சிக்கூடம். மரபு நடை போகிறவர்களுக்கு இவற்றைக் காட்டுவார்கள்.

காட்டாத ஒன்று உண்டு. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆர். எச். நாதன் முன்னின்றார். கூலி உயர்வு கேட்டதோடு நிற்கவில்லை. கள்ளுக்கடையை மூடு என்றார்கள். துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க மாட்டோம் என்றார்கள். காந்தி தொப்பி போடுவோம் என்றார்கள். மே மாதம் நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்தது, சுட்டது, ஆட்கள் செத்தார்கள். இதைச் சொல்லும் பலகை எதுவும் சேலைக் கடைகளுக்கு நடுவே என் கண்ணில் படவில்லை. சைக்கிளிலிருந்து இறங்க மறுத்த மனிதர்களின் ஊர் இது என்று தெரிந்துகொண்டு அந்தத் தெருவில் நடந்தால் முறுக்குகூட வேறு ருசியாக இருக்கும்.

பத்துமலையைப் பற்றி அதிகம் எழுதவில்லை என்று சிலர் கோபித்துக்கொள்ளலாம். 1873-இல் கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலைத் தோற்றுவித்த தம்புசாமிப் பிள்ளைதான் அந்தக் குகையிலும் வேல் நட்டார். 1892-இலிருந்து தைப்பூசம் நடக்கிறது. 2006-இல் 140 அடி முருகன் எழுந்தார். 2018-இல் 272 படிகளும் வானவில் பூசிக்கொண்டன. மரபுடைமைத் துறையிடம் கேட்காமல் பூசிவிட்டார்கள் என்று அப்போது சர்ச்சை கிளம்பியது. உலகத்துக்கே தெரிந்த இடம். நீங்கள் போகாத வருடமும் இருக்காது.

டெக்சஸில் ஒரு தபால்காரர்

சொந்தக் கையால் கட்டியதை ஊர் கொண்டாடுவது எப்படி என்பதற்கு டெக்சஸில் நல்ல உதாரணம் இருக்கிறது. ஹூஸ்டன் நகரத்தில் ஜெஃப் மெக்கிசாக் என்ற தபால்காரர் ஐம்பதுகளில் தொடங்கி இருபது வருடத்துக்கு மேல், தெருவில் கிடைத்த பழைய இரும்பு, ஓடு, சக்கரம் எல்லாவற்றையும் சேர்த்துத் தன்னந்தனியாக ஒரு கோட்டையே கட்டினார். எதற்கு? ஆரஞ்சுப் பழத்தின் பெருமையைச் சொல்ல! 1979-இல் திறந்தார். கூட்டம் வரவில்லை. அடுத்த வருடம் இறந்துபோனார். பிறகு உள்ளூர் கலை ஆர்வலர்கள் பணம் சேர்த்து அதை வாங்கினார்கள். இன்றைக்கு 'ஆரஞ்சு ஷோ' ஹூஸ்டனின் பேர் சொல்லும் இடங்களில் ஒன்று. அதே நகரத்துப் பக்கம் பியர்லாந்தில் மீனாட்சி கோயில். எழுபதுகளின் கடைசியில் சிறிய பிள்ளையார் சந்நிதியாகத் தொடங்கி, குடியேறிய குடும்பங்கள் பணம் போட்டு வளர்த்தது. டெக்சஸ்காரர்கள் வெளியூர் விருந்தாளிகளை இரண்டு இடத்துக்கும் கூட்டிப்போகிறார்கள்.

நம்மிடம் ஆரஞ்சுப் பழத்தைவிடப் பெரிய விஷயங்கள் இருக்கின்றன. பி.பி. 86 பிறந்த மண்ணில் அதைச் சீவியவர்களுக்கு ஒரு சிறிய காட்சிக்கூடம் வைக்கலாம். புத்ராஜெயாவில் இடமா இல்லை? பால்கத்தி, மங்கு, காண்டா வாளி, லயத்துப் படங்கள், கோயில் திருவிழா நோட்டீஸ், செக்ரோல் புத்தகம் எல்லாம் டெங்கில் வீடுகளின் அலமாரியிலும் பரண்மேலும்தான் இருக்கின்றன. தாத்தா பாட்டி போன பிறகு அவை குப்பைக்குப் போய்விடும். அதற்கு முன் எடுத்து வைக்க வேண்டும். அரசாங்கம் செய்தால் நல்லது. செய்யும்வரை காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை, பத்து வெள்ளி தவணையில் தோட்டத்தையே வாங்கியவர்கள் நாம்.

அது நடக்கும்போது நடக்கட்டும். இந்த வாரம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. சோமா அரங்கிலோ சூத்ராவிலோ நுண்கலைக் கோயிலிலோ என்ன நடக்கிறது என்று பாருங்கள். வீட்டில் இருப்பவர்களை எல்லாம் கூட்டிக்கொண்டு போங்கள். டிக்கெட்டைக் காசு கொடுத்து வாங்குங்கள், தெரிந்தவரிடம் ஓசி பாஸ் கேட்காதீர்கள்.